கிணற்று நீரை மென்மையாக்க விழையும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு விஞ்ஞாபனம்

மதுக்கரைப் பக்கத்துப் புதுக் குடியிருப்பில் வீடு கட்டி, ஆழ்துளைக் கிணறு இறக்கி, அந்தக் கிணற்றை நம்பிக் குடித்தனம் நடத்தும் நண்பர்களே, தாய்மார்களே,

சென்ற பதினைந்து நாட்களுக்குள் நம் குடியிருப்பின் மூன்று வீடுகளுக்கு, நீரை மென்மையாக்கும் சாப்ட்னர் இயந்திரங்களின் நீல நிற உருளைகளை ஏற்றிக்கொண்டு மூன்று வண்டிகள் வந்துபோனதை என் வீட்டுத் திண்ணையிலிருந்தபடியே பார்த்தேன். வண்டிகள் போன பிறகு அந்த மூன்று வீட்டாரையும் தனித்தனியே கண்டு, உங்கள் கிணற்று நீரின் கடினத்தன்மை எவ்வளவு என்று விசாரித்தேன். கொடுத்த தொகையை ரூபாய் பிசகாமல் சொல்ல முடிந்த அவர்கள் மூவரும், எந்தத் தோஷத்தைப் போக்குவதற்காக அந்தத் தொகையைக் கொடுத்தார்களோ, அந்தத் தோஷத்தின் அளவை மட்டும் சொல்லத் தெரியாமல் விழித்தார்கள். வைத்தியரிடம் சென்று, நோய் இன்னதென்றும் சொல்லாமல், நாடியையும் காட்டாமல், வீட்டில் நாலு பேர் இருக்கிறோம், அதற்குத் தக்க மருந்து கொடுங்கள் என்று கேட்பவரை நீங்கள் என்னவென்று நினைப்பீர்கள்? ஆனால் நான் அவர்களைப் பரிகாசம் செய்ய உரிமையில்லாதவன். ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படியேதான் மருந்து வாங்கினேன்.

நம் தண்ணீரின் குணத்தை உங்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. சிறுவாணி ஆற்று நீரில் ஒரு விசிலுக்கு மலர்ந்த துவரம்பருப்பு, இங்கே மூன்று விசிலுக்கும் அசையாமல் கல்லாக நிற்பதையும், கீசரின் கம்பிச்சுருள் ஆண்டுக்கொருமுறை சுண்ணாம்புக் கவசம் பூண்டு சாவதையும், துலக்கிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளரில் வெள்ளைத் திட்டுக்கள் பூப்பதையும் தினந்தோறும் அனுபவிப்பவர்கள் நீங்கள். நாம் குடியேறியிருப்பது சுண்ணாம்புக்கல் பூமி. 1934ஆம் ஆண்டிலேயே இங்கே சிமெண்டு ஆலை எழுந்தது அந்தக் கல்லை நம்பித்தான். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவையும் சேர்த்துக்கொண்டு அதே கல்லைக் கரைத்துக்கொண்டு ஊறிவர, அதைத்தான் நாம் மோட்டார் போட்டு இறைக்கிறோம். நம் சுவர்களை நிறுத்திய பொருளே நம் குழாய்களை அடைக்கிறது. இந்தச் சப்பைத் தண்ணீருக்குச் சாப்ட்னர் அவசியமில்லை என்று வாதாட நான் வரவில்லை. அவசியந்தான். எவ்வளவு பெரியது அவசியம் என்ற ஒரு கேள்வியை மட்டும், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால், நீங்களே உங்கள் கையால் கணக்குப் போட்டு விடை காண வேண்டும் என்று மன்றாடவே வந்திருக்கிறேன்.

என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி நல்ல மரியாதைக்காரர். மோர் கொடுத்தால் எழுந்து நின்று வாங்கிக் குடித்தார். அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "வீட்ல எத்தனை பேருங்க சார்?" நாலு பேர் என்றேன். "அப்ப மணிக்கு ஆயிரம் லிட்டர் மெஷின் தாராளமாப் போதும் சார். உங்களுக்கு ஒரு நாளைக்கே ஆயிரம் லிட்டர் ஆகாதே!" என்றார். நாள் முழுவதற்கும் ஆயிரம் லிட்டர் ஆகாத வீட்டுக்கு மணிக்கே ஆயிரம் லிட்டர் தரும் இயந்திரம் என்றவுடன், இருபத்து நான்கு மடங்கு லாபம் கிடைத்துவிட்டதாக என் பாமர புத்தி பூரித்துப் போயிற்று. வாரத்துக்கு ஒருமுறை உப்பு போட்டுக் கழுவினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் நாள் தண்ணீர் வெண்ணெயாக வழுக்கிற்று. மூன்றாம் நாள் என் மனைவி பருப்புக் குக்கரைத் திறந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏழாம் நாள் உப்பு போட்டேன். எட்டாம் நாள் மறுபடியும் வெண்ணெய். பத்தாம் நாள் மறுபடியும் அந்தப் பார்வை. இப்படியே ஏறக்குறைய ஒன்பது மாதம் ஓடிற்று.

அந்த மரியாதைக்காரர் சொன்னது பொய்யன்று என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு மனம் அதிகமாகக் கசந்தது. அந்த இயந்திரம் மணிக்கு ஆயிரம் லிட்டர் நீரைத் தன் வழியே விடக்கூடியதுதான். ஆனால் சத்திரத்து வாசல் எவ்வளவு அகலம் என்பது ஒரு கணக்கு. உள்ளே உலையில் எத்தனை பேருக்குச் சோறு வெந்திருக்கிறது என்பது வேறொரு கணக்கு. மணிக்கு இத்தனை லிட்டர் என்பது வாசலின் அகலம். நாம் கேட்க வேண்டியதோ சோற்றின் அளவு. வாசலைக் காட்டிச் சோற்றுக்கு விலை பேசும் இந்த வழக்கம் ஒரு கடையோடு நில்லாமல் ஊர் முழுதும் பரவிக் கிடப்பதனால்தான், தனி ஒருவரிடம் சண்டை பிடிப்பதை விட்டு உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

அந்த உருளைக்குள் இருப்பது என்ன? கசகசாவைப் போன்ற பொன்னிறச் சிறுமணிகள். ரெசின் என்று பெயர். ஒவ்வொரு மணியும் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதைக் கடந்து போகும்போது, அவற்றின்மேல் அதிக மோகங்கொண்டு, சோடியத்தை விட்டுவிட்டு அவற்றைப் பற்றிக்கொள்கிறது. எல்லா மணிகளும் இப்படி நிறைந்துவிட்டால் அப்புறம் வருகிற நீர் வந்தபடியே போய்விடும். அப்பொழுது கெட்டியான உப்புக் கரைசலை உள்ளே செலுத்தினால், சோடியத்தின் பெருங்கூட்டத்துக்கு ஆற்றாமல் சுண்ணாம்புச் சத்து விலகிச் சாக்கடைக்குப் போக, மணிகள் பழைய நிலைக்குத் திரும்பும். மண்ணுக்கே இப்படிப் பண்டமாற்றுச் செய்யும் குணம் உண்டென்று 1850ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் தாம்ஸன், வே என்ற இருவர் கண்டு சொன்னார்கள். 1935இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற வேறிருவர் செயற்கைப் பிசினுக்கும் அக்குணத்தை உண்டாக்கினார்கள். நொறுக்கிய கிராமபோன் தட்டில் அதன் சாயலைக் கண்டதுதான் அவர்களுக்குத் தூண்டுகோலாயிற்று என்று சொல்வதுண்டு. சங்கீதம் பாடிய தட்டிலிருந்து சாம்பாருக்குத் தண்ணீர் கிடைத்தது என்று நான் என் பேத்திக்குச் சொல்லியிருக்கிறேன், அவள் நம்பவில்லை.

இந்தப் பண்டமாற்றுக்கு ஓர் எல்லை உண்டல்லவா? வீட்டு உபயோகத்தில், மிதமாக உப்பு போட்டுக் கழுவினால், ஒரு லிட்டர் ரெசின் சுமார் 46 கிராம் கடினப்பொருளைப் பிடித்துக்கொள்ளும். கடினத்தன்மையை எப்போதும் கால்சியம் கார்பனேட் கணக்கிலேயே குறிப்பது சம்பிரதாயம். இனி என் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். சித்திரை வெயிலில் என் கிணற்று நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 700 மில்லிகிராம். குடிநீருக்கு 200 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. அதையும் தாண்டியது நம் பாக்கியம். நாள் ஒன்றுக்குச் சாப்ட்னர் வழியே நான் விடும் நீர் 600 லிட்டர். ஆக, ஒவ்வொரு நாளும் 420 கிராம் சுண்ணாம்புச் சத்தை என் இயந்திரம் தூக்கிச் சுமக்க வேண்டும். நான் வாங்கிய இயந்திரத்திலிருந்த ரெசின் 10 லிட்டர். அதன் முழுச் சக்தியும் 460 கிராம். ஒரு நாளும் ஒரு ஜாமமும் தாங்கும் பிராணியை ஏழு நாள் ஏரில் பூட்டிவிட்டு, அது படுத்துக்கொண்டதற்காக நான் கோபித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் நான்கு வரியில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. பால் கணக்கும் மளிகைக் கணக்கும் ஒரு காசு தவறாமல் எழுதுகிற நம் வீட்டுப் பெண்மணிகளிடம் காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்திருந்தால், விற்பனைக்காரர் மோரைக் குடித்து முடிப்பதற்குள் விடை வந்திருக்கும். கேட்கத் தோன்றாதது நம் குற்றம்; சொல்லாமல் விட்டது அவர் குற்றம்.

இனி, சிறியது வாங்கித்தானே கெட்டீர்கள், பெரியதாக ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டால் கவலை தீர்ந்ததே என்பீர்கள். இது இன்னும் அபாயமான யோசனை. எங்கள் வீதியிலேயே, பிள்ளைகள் அயல்நாடு போய்விட, தாமிருவருமாகத் தனித்து வாழும் முதியவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை செலவு செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம் என்ற எண்ணத்தில் 100 லிட்டர் ரெசின் கொண்ட இயந்திரத்தை நிறுவிக்கொண்டார்கள். இருவரும் நாளொன்றுக்குச் செலவழிப்பது 250 லிட்டர் நீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து 175 கிராம். இயந்திரத்துக்கோ 26 நாள் உழைக்கும் வலிமை. ஆனால் அதன் தலையிலிருந்த கடிகாரத்தை, எல்லா வீட்டுக்கும் வைப்பதுபோல் மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவும்படி திருகி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கழுவலுக்குப் பத்துக் கிலோ வீதம் மாதம் 100 கிலோ உப்பு! அந்த வீட்டுத் தண்ணீருக்கு நியாயமாக வேண்டியது 12 கிலோவுக்கும் குறைவு. எழுபது வயதைத் தாண்டிய அந்தப் பெரியவர் மாதந்தோறும் நான்கு மூட்டை உப்பை மாடிப்படி ஏற்றுவதைக் கண்டு, நானும் பக்கத்து வீட்டுப் பையனும் போய்க் கை கொடுப்போம். ஏன் இவ்வளவு உப்பு என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சரி, கடிகாரத்தைத் திருத்தி 26 நாளுக்கு ஒருமுறை என்று வைத்துவிடலாமே என்றால், அத்தனை நாள் கலையாமல் கிடக்கும் ரெசின் இறுகிக் கட்டிப்போவதோடு நுண்கிருமிகளுக்கும் இருப்பிடமாகும். வாரத்துக்கு ஒருமுறையேனும் அது புரண்டு கழுவப்பட வேண்டும். அவர்களுக்கு ஏற்றது 25 லிட்டர் ரெசின்; ஆறு நாளுக்கு ஒருமுறை இரண்டரைக் கிலோ உப்பு.

உப்பைப் பற்றி ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை நீங்கள் மனத்தில் வாங்கிக்கொண்டால் இந்த மடலின் பாதிப் பிரயோஜனம் கைகூடிவிடும். ஒரு லிட்டர் ரெசினுக்கு 100 கிராம் உப்பு வீதம் போட்டுக் கழுவினால், அது சுமார் 46 கிராம் கடினப்பொருளைப் பிடிக்கும் என்றேன். அதே ரெசினுக்கு 240 கிராம் உப்பைக் கொட்டினால் சுமார் 69 கிராம் பிடிக்கும். உப்பு இரண்டரை மடங்குக்குச் சற்றே குறைவு. பலன் ஒன்றரை மடங்குதான். மற்ற உப்பெல்லாம் வேலை ஒன்றும் செய்யாமல் சாக்கடைக்கு யாத்திரை போகிறது. விற்கிறவர் இந்த இரண்டாவது எண்ணைப் பிடித்துக்கொண்டு, சிறிய இயந்திரத்தையே பெரிய இயந்திரம்போல் காட்டிவிடலாம். என் வீட்டுக்கே அளந்து சொல்கிறேன். 25 லிட்டர் ரெசினுக்கு ஆறு கிலோ உப்பு போட்டால் நான்கு நாள் தாங்கும். 40 லிட்டர் ரெசினுக்கு நான்கு கிலோ உப்பு போட்டாலும் அதே நான்கு நாள் தாங்கும். வாங்கும்போது முன்னது மலிவு. ஆனால் மாதம் ஒன்றுக்கு அதற்கு 45 கிலோ உப்பு. பின்னதற்கு 30 கிலோ. ஆண்டுக்கு 180 கிலோ வித்தியாசம். ஆகவே சரியான அளவு என்பது, மிதமான உப்பில் கழுவி, மூன்று நாள் முதல் ஏழு நாள் வரை தாங்கக்கூடிய அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாம் முறை வாங்கியது அந்த 40 லிட்டர்தான். ஐந்து ஆண்டாக என் மனைவி குக்கரைத் திறந்துவிட்டு என்னைப் பார்ப்பதில்லை.

அளவு சொல்வதிலும் ஒரு கண்கட்டு வித்தை நடக்கிறது. பத்து அங்குல விட்டமும் ஐம்பத்து நான்கு அங்குல உயரமும் கொண்ட உருளை ஏறத்தாழ 60 லிட்டர் கொள்ளும். அதனால் அதை 60 லிட்டர் சாப்ட்னர் என்றே சிலர் விற்கிறார்கள். பின்னோட்டமாக நீர் பாய்ச்சிக் கழுவும்போது மணிகள் எழும்பிப் புரள்வதற்காக மேற்பகுதியைக் காலியாக விட்டே தீர வேண்டும். ஆகவே அதற்குள் போடத்தக்க ரெசின் சுமார் 40 லிட்டர்தான். அந்த நாற்பதையும் போட்டார்களா, முப்பதோடு நிறுத்திக்கொண்டார்களா என்பது, மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். நின்று பாருங்கள்.

கடினத்தன்மையை அளப்பது எப்படி? விற்பனைக்காரர் பேனாவைப்போன்ற ஒரு கருவியை டம்ளரில் முக்கி, ஆயிரத்து நூறு என்று எண் காட்டுவதை வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா உங்கள் தண்ணீரின் கொடுமையை என்பார். அது டி.டி.எஸ். மீட்டர். நீரில் கரைந்துள்ள உப்புக்கள் அனைத்தையும் ஒரே கும்பலாக மதிப்பிடுவது அது. அந்தக் கும்பலில் கால்சியம் எத்தனை, சோற்றுக்குப் போடும் உப்பு எத்தனை என்று பிரித்துச் சொல்ல அதற்கு ஞானம் கிடையாது. சாப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுப்பதனால், அதிலிருந்து வெளிவரும் மென்னீரில் முக்கினாலும் அந்த மீட்டர் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும். இதை அறியாத நம் அன்பர் ஒருவர், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த இயந்திரத்தை மோசடி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னும் சிலர், இரு கம்பிகளை நீரில் இறக்கி மின்சாரம் பாய்ச்சி, நீர் செந்நிறமாகக் கலங்குவதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அந்தக் கலங்கல் கம்பியின் இரும்பு கரைந்து உண்டாவது. உங்கள் கிணற்றின்மீது வீண்பழி.

உண்மையான பரீட்சை மிக எளிது. அளந்தெடுத்த நீரில் ஒரு சாயத்தைச் சேர்த்தால் அது திராட்சைரசச் சிவப்பாகும், பிறகு ஈ.டி.டி.ஏ. என்ற மருந்தைத் துளித்துளியாக விட, ஒரு துளியில் சிவப்பு மறைந்து நீலம் பிறக்கும். எத்தனை துளி ஆயிற்று என்ற எண்ணிக்கையே கடினத்தன்மையின் அளவு. இதற்கான சிறிய பெட்டி கடையில் கிடைக்கிறது; குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்தியும் பரிசோதித்துக்கொள்ளலாம். ஒரு முறையோடு நிறுத்திவிடாதீர்கள். என் கிணற்றில் தை மாதம் 520 ஆக இருந்தது சித்திரையில் 700 ஆயிற்று. தையில் அளந்து வாங்கியவன் சித்திரையில் வருந்துவான். கோடையின் எண்ணையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இறைத்தபோது தெளிவாக இருந்த நீர், வாளியில் சற்று நேரம் நின்றதும் துருநிறம் கொள்ளுமானால், அதில் இரும்பு இருக்கிறது. அது ரெசினைப் பாழாக்கும். முதலில் அதை வடிகட்ட வழி தேடிவிட்டுத்தான் சாப்ட்னரைப் பற்றிப் பேச வேண்டும். காந்தத்தைக் குழாயில் கட்டினால் போதும், உப்பே வேண்டாம் என்று விற்கிற பண்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்; அவை நீரிலிருந்து ஒரு கிராம் கால்சியத்தையும் வெளியே எடுப்பதில்லை.

நீரின் செலவை அளப்பதிலும் உத்தேசம் கூடாது. நகர வாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று அரசாங்கத் திட்டக்காரர்கள் ஒரு பிரமாணம் வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டின் பிரமாணம் உங்கள் மேல்தொட்டியில் இருக்கிறது. ஆயிரம் லிட்டர்த் தொட்டி வாரத்தில் எத்தனை முறை நிரம்பிற்று என்று ஏழு நாள் காலண்டரில் கோடு கிழித்து வந்தாலே விடை கிடைத்துவிடும். அதிலும், எல்லா நீரையும் மென்மையாக்க வேண்டிய அவசியம் என்ன? வாழையும் செம்பருத்தியும் சுண்ணாம்பைப் பற்றிப் புகார் செய்வதில்லை. மாறாக மென்னீரின் சோடியம் மண்ணை இறுக்கி அவற்றைக் கொன்றுவிடும். என் கிணற்று நீரை முழுதும் மென்மையாக்கினால் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் சேர்கிறது. ரத்தக்கொதிப்புக்காரர்கள் அதைக் குடிப்பது உசிதமன்று. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர்க் குழாயையே நம்புங்கள். அது வராத நாளில் பருப்புக்கு மட்டும் மென்னீரைப் பிடித்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். தோட்டத்துக்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் போகிற குழாயைச் சாப்ட்னருக்கு முன்பே பிரித்துவிட்டால், அளவும் சுருங்கும், உப்பும் சுருங்கும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களே, பிளம்பர் சுவரைக் கொத்துவதற்கு முன்னால் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். பூச்சு வேலை முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

வாசலின் அகலத்தையும், அதாவது நீர் ஓடும் வேகத்தையும், அடியோடு அலட்சியம் செய்துவிடலாகாது. மணிக்கு ரெசின் கொள்ளளவைப்போல் எட்டு மடங்குக்குக் குறையாமலும் நாற்பது மடங்குக்கு மேற்படாமலும் நீர் ஓடினால் நல்லது. ஆழ்துளை மோட்டாரின் வேகத்தை நேரே சாப்ட்னரில் பாய்ச்சினால் நீர் மணிகளோடு பேசக்கூட அவகாசமில்லாமல் ஓடிப்போகும். ஆகையால் முதலில் தரைத்தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து சிறிய மோட்டாரால் இதன் வழியே மேல்தொட்டிக்கு அனுப்புவது சிலாக்கியம். கழுவும் நேரத்தை நாட்கணக்கில் முடிவுசெய்யும் வால்வைவிட, ஓடிய நீரை அளந்து முடிவுசெய்யும் வால்வு சற்று விலை கூடினாலும், ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் உப்பை வீணாக்காது.

நண்பர்களே, இதுவரை சொன்னதெல்லாம் அவரவர் பணத்தைப் பற்றியது. அவரவர் பணத்தை அவரவர் இஷ்டப்படி செலவு செய்ய யாருக்கும் அதிகாரம் உண்டு. இனிச் சொல்வது அப்படிப்பட்டதன்று. ஒவ்வொரு கழுவலிலும் வெளியேறும் உப்புநீர் எங்கே போகிறது? நம் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. சென்ற மாதம் ஒரு வீட்டில் நான் என் கண்ணால் கண்டேன்: சாப்ட்னரின் கழிவுக்குழாயை, பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சௌகரியத்துக்காக, மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் இறக்கி வைத்திருந்தார்கள். 2003ஆம் ஆண்டு அரசாங்கம் கட்டாயப்படுத்தியதிலிருந்து வீட்டுக்கு வீடு நாம் வெட்டி வரும் அந்தக் குழி, வானத்து நீரை நிலத்துக்குக் கொடுப்பதற்காக ஏற்பட்டது. அதில் உப்பைக் கரைத்து ஊற்றுகிறவர், தம் வீட்டுத் தண்ணீரை மென்மையாக்கிக்கொண்டு, கீழேயுள்ள எல்லோருடைய ஊற்றையும் உப்பாக்குகிறார். நாற்பது வீடுகள் மாதம் 30 கிலோ வீதம் போட்டால் 1,200 கிலோ. ஒரு டன்னுக்கு மேல் உப்பு மாதந்தோறும் நம் காலடியில் இறங்குகிறது. அளவு தவறிய இயந்திரங்களானால் அது இரண்டும் மூன்றும் டன்னாகும். கால்சியத்தையாவது கொதிக்கவைத்துக் கொஞ்சம் படியவைக்கலாம். கிணற்றில் கலந்த உப்பை எடுக்க இந்தச் சாப்ட்னரால் ஆகாது. கிணறு நம் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. ஊற்று அப்படி இல்லை.

ஆகவே உங்களிடம் யாசிப்பது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வீட்டுக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் கிணற்று நீரை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். மேல்தொட்டியில் தேங்கிய நீர் வேண்டாம். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பிறகு பிடித்ததாக இருக்கட்டும். கிணற்றின் ஆழத்தையும் வாரத்தில் தொட்டி நிரம்பும் தடவைகளையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். பரிசோதனைப் பெட்டியை நான் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் முன்னிலையிலேயே துளிகளை எண்ணி, ஒரு நோட்டில் வீட்டெண் வாரியாக எழுதி, அவரவருக்கு எத்தனை லிட்டர் ரெசின் தேவை என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடுவோம். அதன்பின், யார் எந்தக் கடையில் வாங்கினாலும், ரெசின் எத்தனை லிட்டர், கழுவலுக்கு உப்பு எத்தனை கிலோ, அதற்கு எத்தனை கிராம் கடினப்பொருள் நீங்கும் என்ற மூன்று எண்களையும் கையெழுத்திட்ட காகிதத்தில் தராதவருக்கு முன்பணம் கொடுப்பதில்லை என்று நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு வார்த்தைக்கு வருவோம். ஒருவர் கேட்டால் விதண்டாவாதி என்பார்கள். நாற்பது பேர் கேட்டால் அச்சடித்துக் கொண்டுவந்து தருவார்கள். கழிவுக்குழாயை மழைநீர்க் குழியில் இறக்கியிருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் காத்திராமல் இன்றைக்கே அதை வெளியே எடுத்துவிட வேண்டும். பாதாளச் சாக்கடை கேட்டு உள்ளாட்சிக்கு எழுதும் மனுவும் அன்று தயாராக இருக்கும். கையொப்பமிடக் கண்ணாடியை மறவாமல் கொண்டுவாருங்கள்.

சென்ற பதினைந்து நாட்களில் இயந்திரம் வாங்கிய அந்த மூன்று வீட்டாரும், வாங்கியாயிற்றே, இனி என்ன என்று இருந்துவிட வேண்டாம். உங்கள் இயந்திரம் சிறியதானால் கழுவும் இடைவெளியைக் குறைக்கலாம். பெரியதானால் உப்பைக் குறைக்கலாம். வால்வின் திருகாணி உங்கள் கையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வாருங்கள்; பரிசோதனைப் பெட்டியிலுள்ள மருந்து ஐம்பது பரிசோதனைக்கு வரும். பத்து மணிக்குள் முடித்துக்கொள்வோம். அதற்குப் பிறகு திண்ணையில் வெயில் வந்துவிடும்.

இங்ஙனம்,
நான்காம் வீதியில், வேப்பமர வீட்டில் குடியிருக்கும்
உங்கள் அயலான்